வெத்தூய் தோட்டம்: தீற்றல் முறையின் வலிவும் வரம்பும்

பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே 1881இல் தீட்டிய ‘வெத்தூயில் ஓவியரின் தோட்டம்’, வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமான எண்ணெய்வண்ண ஓவியமாகும். பொருளின் உருவத்தைக் கோட்டால் வரையறுத்து வண்ணம் நிரப்பும் பழைய முறையைக் கைவிட்டு, ஒளி படும் கணத்தில் கண்ணுக்குத் தோன்றுவதைச் சிறுசிறு தூரிகைத் தீற்றல்களால் பதிவுசெய்யும் நெறியே உணர்வுப்பதிவுவாதம் எனப்படுகிறது. அந்நெறி பூந்தோட்டத்தைக் கையாளும்போது எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்று ஆராய்வதற்கு இவ்வோவியம் மிகவும் ஏற்றது.

சேன் ஆற்றை நோக்கிச் சரியும் அத்தோட்டத்தில், ஒரு பாதை படிக்கட்டை நோக்கி ஏற, அதன் இருமருங்கும் ஆளுயரத்தை விஞ்சிய சூரியகாந்திகள் அடர்ந்து நிற்கின்றன. பாதையில் விழும் நிழலில் கறுமை மேலோங்கவில்லை. நீலமும் ஊதாவும் கலந்த தீற்றல்களாகவே அது விரிகிறது. ஒரு நிறம் அருகிலுள்ள நிறத்தால் மாறித் தோன்றும் என்றும், எதிர்நிறங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டால் இரண்டும் கூர்மை பெறும் என்றும் வேதியியலாளர் ஷெவ்ரூல் 1839இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருந்தார். மொனேயின் மஞ்சள் இதழ்கள் வெயிலைத் தாமே உமிழ்வனபோல் ஒளிர்வதற்கு அந்த நீலநிழலே காரணம். பூவைத் தனியே எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் இவ்வெப்பம் கைகூடியிராது. தீற்றல் முறையின் தலையாய வெற்றி இதுவே.

ஆயினும் இவ்வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட விலை சிறிதன்று. வட்ட முகமுடைய சூரியகாந்தி, தன் வடிவத்தின் வலிமையால் தீற்றல்களுக்கிடையேயும் அடையாளம் இழக்காமல் நிற்கிறது. சிறு பூக்களோ இனம் பிரித்தறிய இயலாத வண்ணப் புள்ளிகளாகக் கரைந்துவிடுகின்றன. பாதையில் நிற்கும், மொனேயின் மகன் என்று கருதப்படும் சிறுவனின் முகமும் அவ்வாறே கரைந்துள்ளது. மொனேயின் மனைவி கமீல் 1879 செப்டம்பரில் வெத்தூய் ஊரிலேயே இறந்தார் என்பதை அறிந்தவர்களுக்கு, குழந்தையின் முகத்துக்கும் செடியின் இலைக்கும் ஒரே அளவு கவனம் தரும் இம்முறை போதாமையுடையதாகவே படும். ஒளியை நேர்மையாகப் பதிவுசெய்யும் கண், மனிதரின் அகநிலைக்கு இங்கே வழிவிடவில்லை.

கணத்தின் பதிவு என்ற கொள்கையும் இவ்வோவியத்தால் முழுமையாக மெய்ப்பிக்கப்படவில்லை. இதே காட்சியைச் சிறிய அளவிலான வேறு ஓவியங்களாகவும் மொனே தீட்டியுள்ளார். அவற்றுள் ஒன்று கலிபோர்னியாவின் நோர்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலும், வீட்டையும் தோட்டத்தையும் பிரித்து உண்மையில் ஒரு சாலை ஓடியபோதிலும், ஓவியத்தில் அது புலப்படாததால், படிக்கட்டு நேராக வீட்டு வாயிலையே அடைவதுபோல் தோன்றுகிறது. பாதை, படிகள், வீடு, வானம் எனக் கண்ணை மேலே ஏற்றிச்செல்லும் இக்கட்டுமானம், மரபான தூரத்தோற்ற முறைக்குரியதேயன்றிக் கணநேரப் பார்வையின் விளைவன்று. பெருவண்ணக் குவியல் சிதறாமல் நிற்பதற்கு அதுவே துணைசெய்கிறது.

பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்திலுள்ள, மொனே 1900இல் தீட்டிய தம் ஜிவெர்னித் தோட்ட ஓவியத்தில் இக்கட்டுமானத்தின் துணை பெரிதும் தளர்ந்துவிடுகிறது. ஐரிஸ் மலர்களின் ஊதா வரிசைகள் பரப்பை நிறைக்க, மரங்கள் பின்புலத்தை அடைத்துக்கொள்வதால், நிறத்தின் செறிவில் வெத்தூய் ஓவியத்தை விஞ்சும் அது, தோட்டத்தின் ஆழத்தை உணர்த்துவதில் அதனினும் பின்தங்கியே நிற்கிறது.