மணல் மூடிய ஊரும் மனிதர் மூடிய வரலாறும்

ஆப்பிரிக்காவின் தென்மேற்கே, நமீபியா நாட்டில், லூடெரிட்ஸ் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் உள்ளே கோல்மன்ஸ்கோப் என்னும் ஊர் பாழ்பட்டுக் கிடக்கிறது. அறைகளுக்குள் மணல் மேடிட்டிருக்கிறது. கதவுகள் பாதி புதைந்து நிற்கின்றன. இவ்வூரைப் பற்றிய நிழற்படத் தொகுப்புகளும் பயணக் கட்டுரைகளும் பல. அவற்றுள் பெரும்பாலானவை சொல்வது ஒரே கதைதான்: வைரம் கிடைத்தது, செல்வம் குவிந்தது, முடிவில் பாலைவனம் தன் நிலத்தை மீட்டுக்கொண்டது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் வரலாறு இதற்கு உடன்படுகிறதா என்பதை நாம் ஆராய வேண்டும்.

முதற்கண் ஊரின் தோற்றத்தைப் பார்ப்போம். 1908 ஏப்ரல் திங்களில், இருப்புப்பாதையை மூடிய மணலை அகற்றிக்கொண்டிருந்த சகரியாஸ் லெவாலா என்னும் தொழிலாளி ஒரு கல்லைக் கண்டெடுத்தார். முன்னர்க் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் உழைத்தவராதலின், அதன் இயல்பு அவருக்குத் தெரிந்திருந்தது. கல்லைத் தம் மேலாளர் ஆகஸ்ட் ஸ்டௌக்கிடம் கொடுத்தார். ஸ்டௌக் அகழ்வுரிமை பெற்றுப் பெருஞ்செல்வரானார். லெவாலாவுக்குப் பரிசு ஏதும் கிட்டவில்லை. எனினும், ‘ஸ்டௌக் கண்ட வைரம்’ என்றே பலர் எழுதுகின்றனர். கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர்!

அந்த இருப்புப்பாதை எவ்வாறு வந்தது? 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்கள்மீது ஜெர்மானியக் குடியேற்ற ஆட்சி அழிவுப் போர் நடத்தியது. லூடெரிட்ஸை ஒட்டிய சுறாத் தீவு முகாமில் அடைக்கப்பட்ட கைதிகள் அப்பாதை வேலையில் கட்டாய உழைப்புக்கு ஆளாயினர், பலர் மாண்டனர். அப்போரில் நிகழ்ந்தது இனப்படுகொலையே என ஜெர்மானிய அரசு 2021இல் ஒப்புக்கொண்டது. ஆகவே, இவ்வூரின் கதையை வைரத்திலிருந்து தொடங்குவோர் முதல் அத்தியாயத்தையே விட்டுவிடுகின்றனர்.

அடுத்து வளர்ச்சி. 1908 செப்டம்பரில் அரசு அப்பகுதியைத் தடைநிலமாக்கியது. 1912ஆம் ஆண்டில் மட்டும் பத்து இலட்சம் காரட் அளவுக்கு வைரம் கிடைத்தது. மருத்துவமனை, நடன மண்டபம், பனிக்கட்டித் தொழிற்சாலை, பந்துருட்டு ஆடுகளம் ஆகியவை எழுந்தன. இவற்றை வியந்து பாடாதார் இல்லை. ஆனால் அங்கே சில நூறு ஜெர்மானியரோடு, ஒப்பந்த முறையில் வந்த ஓவாம்போ தொழிலாளர் எண்ணூறு பேர் அளவில் கொட்டகைகளில் வாழ்ந்தனர். மருத்துவமனையின் எக்ஸ்ரே கருவியை முன்னேற்றத்தின் சின்னம் என்பர். தொழிலாளர் வைரத்தை விழுங்கியுள்ளனரா என்று பார்க்கவும் அக்கருவியே பயன்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதன்றோ நேர்மை?

இறுதியாக, வீழ்ச்சி. 1915இல் தென்னாப்பிரிக்கப் படை அந்நாட்டைக் கைப்பற்றியது. போருக்குப்பின் எர்னஸ்ட் ஓப்பன்ஹைமர் சுரங்க நிறுவனங்களை ஒன்றிணைத்தார். 1928இல் ஆரஞ்சு ஆற்றின் கழிமுகத்தருகே மிக வளமான வைரப்படிவு கிடைத்தது. 1936இல் அங்கே ஓரன்யமுண்ட் என்னும் புதிய ஊர் பிறந்தது. தொழிலும் ஆட்களும் தெற்கே சென்றனர். 1956இல் கோல்மன்ஸ்கோப் முற்றும் வெறிச்சோடியது. மனிதர் போன பிறகே மணல் வீட்டுக்குள் குடிபுகுந்தது. ஊரைக் கொன்றது மணலன்று; கணக்கேடு.

இந்த வேறுபாடு சிறிதன்று. இயற்கை கொன்றது என்றால் எவரும் பொறுப்பாளி அல்லர். ஆதாயம் குறைந்ததால் கைவிட்டனர் என்றால், யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்ற கேள்வி உடனே எழும். ஸ்டௌக் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் செல்வம் இழந்து, 1947இல் வறியவராய் இறந்ததை உருக்கமாக எழுதுகின்றனர். அவ்வுருக்கத்தில் ஒரு பங்கேனும் லெவாலாவுக்கு உண்டா?

நிழற்படங்களின் அழகை நாம் குறைகூறவில்லை. மணல்மேல் விழும் ஒளியைக் காண்பதும் ஓர் இன்பமே. சில கட்டடங்களைச் செப்பனிட்டு 1980இல் அருங்காட்சியகம் அமைத்ததும் பாராட்டத்தக்கதே. ஆயினும், இனி இவ்வூரைப் பற்றி எழுதுவோர் பாதை போட்டவரிலிருந்து தொடங்கட்டும். கல்லைக் கண்டவர் பெயரை முதலில் எழுதட்டும். நடன மண்டபத்தின் படத்துக்குப் பக்கத்தில் தொழிலாளர் கொட்டகையின் படத்தையும் வைக்கட்டும். அதுவே இவ்வூரின் முழு வரலாறாகும்.