படமில்லாத ஒரு துயரம்: கொச்சி பினாலேயை முன்வைத்து

ஈராண்டுக்கு ஒருமுறை நிகழும் கலைக்காட்சியை இத்தாலியர் 'பினாலே' என்பர். 1895இல் வெனிஸ் நகரில் தோன்றிய இம்மரபு 1993இல் ஷார்ஜாவுக்கும், 2012 டிசம்பர் 12 அன்று கொச்சிக்கும் வந்து சேர்ந்தது. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்னும் இரு மலையாளக் கலைஞர்கள் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பினாலேயின் முதல் காட்சிக்குச் சுமார் 4 லட்சம் பேரும், 2022-23இல் நடந்த ஐந்தாம் காட்சிக்குச் சுமார் 9 லட்சம் பேரும் வந்ததாக அமைப்பாளர் கணக்கு. இத்தொகையைச் சொல்லியே அதன் வெற்றியைப் பேசுகிறார்கள். வந்தவர் எதன்முன் நின்றார் என்பதைப் பற்றிய பேச்சு குறைவு. நம் சமுதாய ஏடுகளில் அறவே இல்லை.

2016ஆம் ஆண்டுக் காட்சியில், ஆஸ்பின்வால் மாளிகையின் நீண்ட கிடங்கொன்றைக் கடல்நீரால் நிரப்பியிருந்தார்கள். சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரீத்தாவின் 'துயரக் கடல்' என்னும் படைப்பு அது. சிலியில் 1973இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது கைதாகி, ஒரு கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டிருந்தவர் அவர். பார்வையாளர் செருப்பைக் கழற்றி, ஆடையைத் தூக்கிச் செருகி, முழங்காலளவு நீரில் நடந்தாக வேண்டும். பக்கச் சுவர்களில் சில வினாக்கள். மறுகோடிச் சுவரில் ஒரு கவிதை. அது காலிப் குர்தி என்னும் ஐந்து வயதுச் சிறுவனைப் பற்றியது. 2015 செப்டம்பர் 2 அன்று துருக்கிக் கரையில் ஒதுங்கிய ஆலன் குர்தியின் படத்தை உலகம் கண்டது. அதே படகில் மூழ்கிய அவன் அண்ணன் காலிபுக்கும் அவர்களுடைய தாய்க்கும் அப்படியொரு படம் வாய்க்கவில்லை. படமில்லாதவனுக்காகவே அக்கிடங்கில் நீர் நின்றது.

அரபு மத்ரஸாவில் ஓதி வந்தவர்களாகிய நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். 'தஸ்வீர்' பற்றிய வாதம் நமக்குப் பழக்கமானது. உயிருள்ளவற்றின் உருவத்தை அமைப்பதை இமாம்கள் கண்டித்ததையும், நிழல் விழும் உருவுக்கும் விழாத சித்திரத்துக்கும் மாலிக்கி அறிஞர்கள் வேறுபாடு கண்டதையும், எகிப்தின் முஃப்தி முஹம்மது அப்துஹு (இறப்பு 1905) சிசிலித் தீவைப் பார்த்துவிட்டு ஓவியத்துக்குச் சாதகமாக எழுதியதையும் பாடமாகவே அறிவோம். ஆயினும் கலை என்றதும் இந்த ஒரு வாயிலிலேயே நின்று திரும்பிவிடுகிறோம். சூரீத்தாவின் கிடங்கில் உருவம் ஏதும் இல்லை. எழுத்தும் நீரும் மட்டுமே இருந்தன. மாண்ட ஒரு குழந்தையின் கண்ணியத்தை மீண்டும் மீண்டும் அச்சேறிய புகைப்படம் காத்ததா, முகத்தைக் காட்டாத இந்த வெறுமை காத்ததா? உருவத்தைத் தவிர்த்து எழுத்தையே கலையாக்கிய நம் மரபுக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. அதைக் கேட்க ஒரு சிலிக் கவிஞர் வரவேண்டியிருந்தது.

2018இல் வங்கதேசக் கலைஞர் மர்சியா ஃபர்ஹானா, அவ்வாண்டுப் பெருவெள்ளத்தில் பாழான வீட்டுச் சாமான்களைச் சேகரித்து, அந்தரத்தில் தொங்கவிட்டார். நேற்றுவரை தம் சமையலறையில் இருந்தவை போன்ற பொருள்களைத் தலைக்குமேல் கண்ட கேரளத்தவருக்கு அதை விளக்கிச் சொல்ல ஆள் தேவைப்பட்டிராது. திங்கட்கிழமைகளில் கட்டணம் வாங்காத ஏற்பாட்டால், கலைக்கூடத்தின் வாசலை மிதித்திராத பலரும் குடும்பத்தோடு உள்ளே வந்தனர். பினாலேயின் வெற்றி என்று நான் கருதுவது இதைத்தான்.

பெயர் விஷயத்தில் எனக்கு நிறைவில்லை. முசிரிஸ் என்பது சங்கப் புலவர் பாடிய முசிறி. 2007 முதல் பட்டணம் என்னும் சிற்றூரில் நடந்த அகழாய்வு அப்பெயருக்குப் புத்துயிர் தந்தது. பட்டணமே முசிறி என்பதை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை என்பது வேறு. அகழாய்வில் ஒதுக்கப்பட்ட ஓட்டுச் சில்லுகளையும் மிளகையும் கொண்டு 2012இல் விவான் சுந்தரம் ஒரு நகரையே பரப்பிக் காட்டினார். அரிய படைப்பு. ஆனால் காட்சியைச் சுற்றிய பேச்சில் முசிறி என்பது பல இனத்தாரும் பிணக்கின்றிக் கூடி வாழ்ந்த இனிய கனவாகச் சுருங்கிவிடுகிறது. அக்கனவை 1498க்குப் பின் பீரங்கி கலைத்ததை, பொன்னானியின் ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' என்னும் அரபு நூலில் அந்நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். 2014இல் ஜிதிஷ் கல்லாட் பொறுப்பேற்ற காட்சி கடலோடிகளின் காலத்தை நேராகவே எடுத்துக்கொண்டது பாராட்டுக்குரியது. எனினும் பினாலே பற்றிய பேச்சில் வாஸ்கோ ட காமாவின் பெயர் புழங்கும் அளவுக்கு மக்தூமின் பெயர் புழங்குவதில்லை.

மட்டாஞ்சேரியின் நிலையும் எண்ணத்தக்கது. கச்சி மேமன், தக்கனி, குஜராத்தி, கொங்கணி எனப் பல மொழி பேசுவோர் குறுகிய தெருக்களில் வாழும் பகுதி அது. டச்சுக்காரர் படையின் துணி வெளுக்க அழைத்து வந்த தமிழ் வண்ணார் மரபினர் அருகே ஃபோர்ட் கொச்சியின் வேளியில் இன்றும் அத்தொழில் செய்கின்றனர். மூட்டை சுமந்தவர்களின் கிடங்குகள் கலைக்கூடங்களாகவும் சிற்றுண்டிச் சாலைகளாகவும் மாறின. வாடகை யாருக்குப் போகிறது, சுமை தூக்கியவரின் மகனுக்கு அங்கே என்ன வேலை கிடைக்கிறது என்பதை எந்தப் பார்வையாளர் கணக்கும் சொல்லாது. 2019இல் கட்டுமான ஒப்பந்ததாரர்கள் தங்களுக்கும் தொழிலாளருக்கும் பாக்கி நிற்பதாக முறையிட்டனர்; அறக்கட்டளையோ பட்டியல் தொகை மிகை என்றது. வழக்கில் எவர் பக்கம் நியாயம் இருப்பினும், கூலி பற்றிய நபிமொழியை இவ்வேட்டின் வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2022இல் வேலை முடியாமல் திறப்பு டிசம்பர் 12லிருந்து 23க்குத் தள்ளிப்போனபோது, பங்கேற்ற கலைஞர்களே வெளிப்படையாகக் கடிதம் எழுதினர். புகழ் வளர்ந்த வேகத்தில் நிர்வாகம் வளரவில்லை.

நிகில் சோப்ரா பொறுப்பில் ஆறாம் காட்சி 2025 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. எங்கள் நாகமலை புதுக்கோட்டை வழியே தேனிக்குச் செல்லும் நெடுஞ்சாலைதான் போடி, மூணாறு கடந்து கொச்சியில் முடிகிறது. நம் கல்லூரிகளின் சுற்றுலாப் பேருந்துகள் ஆண்டுதோறும் மூணாறு வரை போய்த் தேயிலைத் தோட்டம் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. அங்கிருந்து கொச்சி இன்னும் நான்கு மணி நேரம்தான்.