வழிநூலும் 'டெரிவேட்டிவ்' என்னும் அடைமொழியும்

ஈழத்துப் பிரபந்தங்களை மதிப்பிடுமிடத்து நம் திறனாய்வாளர் சிலர் 'டெரிவேட்டிவ்' என்னும் ஆங்கில அடைமொழியை, மொழிபெயர்க்காமலே, தீர்ப்பாக வழங்குவதுண்டு. ஒன்றிலிருந்து பெறப்பட்டது என்பதே அதன் நேர்ப்பொருள். கணிதத்திலும் இரசாயனவியலிலும் அதற்கு இழிவில்லை; இலக்கியத்துக்கு வந்ததும் 'சொந்தச் சரக்கற்றது' என்னும் ஏளனம் ஒட்டிக்கொள்கிறது. அதன் இலத்தீன் வேரோ ஆற்றுநீரைப் பிரித்து வாய்க்காலிற் செலுத்துதலைக் குறித்தது. வெருகலாறு மகாவலியினின்று பிரிந்து கடலை அடையும் கிளை. அதனால் அந்நீரைப் போலி என்பார் எவருமிலர்.

இவ்வேளனத்துக்குரிய மனப்பாங்கிற்கு வரலாறு உண்டு. 1710இல் இங்கிலாந்தின் பதிப்புரிமைச் சட்டம் நூலை ஆசிரியனின் உடைமையாக்கியது. 1759இல் எட்வேட் யங், மூலப்படைப்பு செடிபோல் தானே வளர்வது என்றும், போன்மைப் படைப்பு முன்னுள்ள பொருள்களைக் கொண்டு கைத்திறனாலும் உழைப்பாலும் செய்யப்படுவது என்றும் வேறுபடுத்தினார். இங்கு தாழ்த்தப்படுவது உழைப்பே என்பது மனங்கொள்ளத்தக்கது. சந்தைக்கு எழுதும் தனிமனிதன் தோன்றிய சமுதாயத்தின் அளவுகோல் இது, எக்காலத்துக்கும் பொதுவானதன்று.

தமிழ் மரபு பிறவழிப்படுதலையும் குறைபாட்டையும் ஒன்றாக்கவில்லை. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூலைத் தொல்காப்பிய மரபியல் நால்வகைப்படுத்தும். பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் செய்யலாம் என்பது நன்னூலார் கொள்கை. (இவை இலக்கண நூல்களை நோக்கியவை, செய்யுளுக்கு நீட்டுவது நமது பொறுப்பு.) சான்றோர் செய்யுளில் மீளமீள வரும் தொடர்கள் வாய்மொழிப் பாடலாக்கத்தின் இயல்பு எனக் கைலாசபதி 1968இல் வெளிவந்த ஆங்கில நூலில் நிறுவியபின், 'திரும்பக் கூறினான்' என்பது தனித்த குற்றச்சாட்டாகாது.

தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் பாடிய வெருகல் சித்திரவேலாயுதர் காதலை இவ்வொளியிற் காணவேண்டும். தலைவனைக் கண்டு தலைவி மையலுறுதல் காதற் பிரபந்தத்தின் பொதுச்சொத்து. அதைப் புலவர் படைக்கவில்லை, உண்மையே. ஆனால் அப்பொதுச்சொத்தை வெருகற் கோயிலுக்கு உரியதாக்கும்போது எதைக் கொண்டார், எதை விட்டார், எதை மாற்றினார் என்பதே வினா. 'டெரிவேட்டிவ்' என்றதும் அவ்வினா எழாமலே போகிறது. கிழக்கிலங்கைச் செய்யுள்கள் இலக்கிய வரலாற்றில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரபு என்றதும் கைகூப்புவதும் தவறே. புரவலரை மகிழ்விக்க, தலைவன் பெயரை மட்டும் மாற்றிப் பாடப்பட்ட பிரபந்தங்கள் தமிழில் ஏராளம். அவற்றின் வெறுமைக்குக் காரணம் பின்பற்றியமையன்று. யாருக்காகப் பாடப்பட்டன என்பதே. வெருகற் காதலையும் அவ்வாறே வினவலாம். முதலியார் என்பது இலங்கையிற் பதவிப் பெயராகவும் வழங்கியது. கோயில், நிலம், பதவி ஆகியவற்றிடையே அப்புலவர் எங்கு நின்றார் என்பதை ஆராய்ந்த பின்பே அவருடைய தலைவியின் மையலுக்கு நாம் பொருள் கூற முற்படலாம்.