பிஸ்கற்றும் பரபக்கமும்: எமது பிள்ளைகளின் கருத்துக் கட்டுரை பற்றி

வளைகுடா நாடுகளில் வளரும் எமது பிள்ளைகள் இந்திய, பிரித்தானிய, அமெரிக்கப் பாடத்திட்டங்களுக்கிடையே சிதறிக் கிடக்கிறார்கள். இவர்களுள் அமெரிக்கப் பாடத்திட்டப் பாடசாலைகளுக்குச் செல்லும் சிறுவர்களின் கொப்பிகளைப் புரட்டினால் 'கருத்துக் கட்டுரை' என்றொரு பயிற்சியைக் காணலாம். சீருடை வேண்டுமா, வீட்டுப்பாடம் வேண்டுமா, நாயா பூனையா சிறந்த வளர்ப்புப் பிராணி என்றெல்லாம் தலைப்புகள். எட்டு வயதுப் பிள்ளை தனது கருத்தைச் சொல்லி, காரணம் காட்டி, வாசிப்பவரை இணங்கச் செய்ய வேண்டும். 'எங்கட காலத்தில இப்படியொன்று இருக்கேல்லையே' என்று பெற்றோர் பூரிக்கிறார்கள். அந்தப் பூரிப்பில் நியாயம் உண்டு. ஆயினும் கருத்துச் சொல்வது எப்படியென்று பிள்ளைக்குக் கற்பிப்பது எமது சமூகத்தைப் பொறுத்தவரை வெறும் பாடவிதான விடயமல்ல. எனவே இப்பயிற்சியின் உள்ளமைப்பைக் கூர்ந்து பார்ப்பது அவசியமாகிறது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். யாழ்ப்பாணத்து ஆரம்பப் பாடசாலைகளில் நாம் எழுதிய கட்டுரைகளில் பெரும்பாலானவை மனனத்தின் விளைவே. பசுவும் எமது பாடசாலையும் தைப்பொங்கலும் ஆண்டுதோறும் ஒரே வசனங்களில் வந்துபோயின. 'நான்' என்று எழுத அனுமதி கிடைத்த இடம் சுயசரிதைக் கட்டுரை. அதிலும் பேசியது ஒரு பழைய குடை. குடைக்கு இருந்த 'நான்' பிள்ளைக்கு இருக்கவில்லை. ஆசிரிய கலாசாலையொன்றில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் நான் பார்வையிட்ட வகுப்புகளிலும் இந்நிலையே நீடித்தது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையும் அதைச் சுற்றி வளர்ந்த ரியூசன் வியாபாரமும் இப்போக்கை மேலும் இறுக்கின. அந்த வகையில், பிள்ளையிடம் 'உனது அபிப்பிராயம் என்ன?' என்று கேட்கும் எந்தக் கல்விமுறையும் ஒரு முன்னேற்றமே.

2010 இல் வெளியான 'கொமன் கோர்' எனும் அமெரிக்கக் கல்வி நியமங்கள் இதனைப் படிமுறையாக வகுத்துள்ளன. பாலர் வகுப்பில் பிள்ளை ஒரு புத்தகம் பற்றித் தன் விருப்பத்தைச் சொன்னால் போதும். முதலாம் வகுப்பில் அதற்கொரு காரணம் வேண்டும். இரண்டாம் வகுப்பில் காரணங்களை 'ஏனென்றால்', 'மேலும்' போன்ற சொற்களால் இணைக்க வேண்டும். நான்காம் வகுப்பில் காரணங்களுக்குத் தகவல்கள் துணைநிற்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் அவை தர்க்க ஒழுங்கில் அமைய வேண்டும். இதனை இலகுபடுத்த ஆசிரியர்கள் பலர் கையாளும் உபாயத்தின் பெயர் 'ஓரியோ'. பிஸ்கற்றின் பெயர்தான். கருத்து, காரணம், உதாரணம், மீண்டும் கருத்து என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் அப்பெயர் வரும். மேலும் கீழும் பிஸ்கற், நடுவில் கிறீம்.

எனது மறுப்பு இங்குதான் தொடங்குகிறது. மேல் பிஸ்கற்றும் கீழ் பிஸ்கற்றும் ஒன்றே. எந்தக் கருத்தோடு புறப்பட்டாயோ அதே கருத்தோடு வந்து சேர் என்பதே இவ்வடிவம் பிள்ளைக்கு இடும் கட்டளை. இடையில் தேடிய காரணமும் உதாரணமும் அக்கருத்தை அசைக்கக்கூடாது. அசைத்தால் கட்டுரை பிழைத்துவிடும். ஆகவே பொருந்தாத உதாரணமொன்றைக் கண்ட பிள்ளை அதை ஒளித்துவிடக் கற்றுக்கொள்கிறது. இன்னொன்று: மேற்சொன்ன நியமங்களில், எதிர்க்கருத்து உண்டென்பதை ஒப்புக்கொள்ளுமாறு மாணவர் முதன்முதலாகக் கேட்கப்படுவது ஏழாம் வகுப்பில். பாலர் வகுப்பிலிருந்து கணக்கிட்டால், அதற்கு முன் ஏழு ஆண்டுகள் மறுபக்கம் என்ற ஒன்றைத் தொடாமலே பிள்ளை வாதிட்டுப் பழகிவிடலாம்.

சின்னஞ்சிறுசுகளுக்கு மறுபக்கம் விளங்காது என்று ஆசிரியர்கள் சொல்லக்கூடும். பியாஜேயைத் துணைக்கழைக்கவும் கூடும். ஆனால் பியாஜேயும் ஏழு வயதளவில் பிள்ளை தன் பார்வையை விட்டு வெளியே வரத் தொடங்குவதாகவே கருதினார். வகுப்பறை அனுபவமும் அதையே காட்டுகிறது. 2022 ஜனவரியில் ஷார்ஜா வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் வார விடுமுறைக்கு மாறியது. அரச அலுவலகங்களும் பாடசாலைகளும் மூடினாலும், தனியார் துறைத் தொழிலாளிக்குச் சட்டம் உறுதிப்படுத்துவது வாரத்தில் ஒரு நாள் ஓய்வையே. எனது ஓய்வுநாளில் தமிழ் படிக்க வரும் சில சிறுவர்களிடம் மூன்று நாள் விடுமுறை நல்லதா என்று கேட்டேன். எல்லோரும் நல்லதென்றார்கள். 'நல்லதில்லை என்று சொல்லக்கூடியவர் யார்? அவர் சொல்லுறதை அவரின்ர வாயாலேயே எழுதுங்கோ' என்றேன். நான்காம் வகுப்புச் சிறுமியொருத்தி, அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வெள்ளிக்கிழமையில் தம்பியைப் பார்க்க ஆளில்லை என்று தாயின் குரலில் எழுதினாள். பின்னர், விடுமுறை நல்லதுதான், ஆனால் அம்மாவுக்கும் அதே நாள் கிடைக்க வேண்டும் என்று தன் கருத்தைத் திருத்திக்கொண்டாள். ஓரியோவில் இந்த வசனத்துக்கு இடமில்லை.

இது எமக்குப் புதிய விடயமுமல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பிரித்தார். உலகாயதர், பௌத்தர், சமணர் முதலானோரின் வாதங்களை எடுத்துரைத்து மறுப்பது பரபக்கம். அதன் பின்னரே சுபக்கமாகிய தன் பக்கம். பிறர் கொள்கையைச் சொல்லத் தெரியாதவருக்குத் தன் கொள்கையைச் சொல்லும் தகுதியில்லை என்ற ஒழுங்கு இந்த அமைப்பில் உண்டு. ஆனால் இதை அப்படியே தூக்கிப்பிடிக்கவும் முடியாது. பரபக்கத்தில் எதிராளி பேசுவது தோற்கடிக்கப்படுவதற்காகவே. வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் சென்று, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்ட மணிமேகலை எனக்கு இதைவிட உவப்பான முன்மாதிரி. இன்று தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் பட்டிமன்றங்களிலும் சிறுவர் பேச்சுப் போட்டிகளிலும் இவ்விரண்டுமே இல்லை. தகப்பன் எழுதிக்கொடுத்ததைப் பிள்ளை கைவீசி ஒப்புவிக்கிறது. பழைய குடை இப்போது மேடையேறிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? மறுபக்கத்தின் வாதத்தைச் சொல்லத் தெரியாத சமூகம் அதற்குப் பெயர் சூட்டத் தொடங்கும். நாம் சூட்டிய பெயர் 'துரோகி'. யாழ் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் விரிவுரையாளரும் 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் ஒருவருமான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பினரின் வன்முறையையும் அந்நூல் பதிவுசெய்திருந்தது. அதனோடு உடன்படாதவர்கள் பதில் நூல் எழுதியிருக்கலாம். கட்டுரைப் பயிற்சி கொலைகளைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றுக்கு வேறு அரசியற் காரணங்கள் இருந்தன. ஆனால் அவற்றைக் கண்டு மௌனமாக இருந்தவர்களும், உள்ளூர நியாயப்படுத்தியவர்களும் எமது வகுப்பறைகளிலிருந்து வந்தவர்களே.

வளைகுடாவில் கருத்தெழுதக் கற்று என்ன பயன் என்றும் கேட்கப்படலாம். நியாயமான கேள்வி. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் வளைகுடா ஒத்துழைப்பு மன்ற நாடுகள் ஆறில் ஒன்றுகூட இணையவில்லை. இங்கு எம்மவர் எந்த நிலையில் வந்திருந்தாலும் சட்டத்தின் முன் வேலை விசாவில் நிற்பவர்களே. அமீரகத்தில் தொழிற்சங்கம் அமைக்கவும் வேலைநிறுத்தம் செய்யவும் முடியாது. ஆயினும் எழுத்து எடுபடும் ஓரிடம் உண்டு: தொழில் அமைச்சுக்குச் செய்யும் முறைப்பாடு. சம்பள நிலுவைக்காகச் சக தொழிலாளர்களுக்கு நான் எழுதிக்கொடுக்கும் முறைப்பாடுகளில் 'அநியாயம்' என்ற சொல்லை எத்தனை தரம் எழுதினாலும் பிரயோசனமில்லை. நிர்வாகம் என்ன பதில் சொல்லும் என்பதை முதலில் யோசித்து, அந்தப் பதிலுக்கு எதிரே திகதியையும் தொகையையும் ஒப்பந்தப் பிரதியையும் வைக்க வேண்டும். பலமில்லாதவனுக்கு எதிராளியின் வாதம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பேசும் வசதி அதிகாரம் உள்ளவனுக்கு மட்டுமே உண்டு.

ஆகவே பெற்றோரிடமும், புகலிட நாடுகளில் வாரஇறுதித் தமிழ் வகுப்பு நடத்துவோரிடமும் நான் முன்வைப்பது இதுதான். ஓரியோவைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அதற்கு முன்னால் ஒரு பந்தி சேருங்கள்: மறுபக்கத்தவர் வாசித்து 'ஓம், நான் சொன்னது இதுதான்' என்று தலையாட்டக்கூடிய பந்தி. இறுதியில் ஒரு வசனம் சேருங்கள்: எது தெரியவந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்ற வசனம். முன்னையதை எட்டு வயதுப் பிள்ளை ஒரு பின்னேரத்தில் கற்றுக்கொள்ளும். பின்னையது இந்தச் சஞ்சிகையில் எழுதும் எங்களுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட வேண்டிய வீட்டுப்பாடம்.