பலாக்கனியும் காமம் என்னும் சொல்லும்

'காமம்' என்ற சொல்லைக் கேட்டதும் இன்று நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால் திருக்குறளின் மூன்றாம் பால் காமத்துப்பால் என்றே வழங்குகிறது. அங்கே அச்சொல்லுக்கு இழுக்கில்லை. கிரேக்க மொழியின் 'ஏரோஸ்' என்ற சொல்லுக்கும் இத்தகைய தாழ்வு நேர்ந்ததுண்டு. பழம்புலவர் எசியோதுக்கு ஏரோஸ் உலகத் தொடக்கத்திலேயே தோன்றிய தெய்வம். பிற்காலத்தார்க்கோ அவன் நம் மன்மதனைப் போல் வில்லேந்திய விளையாட்டுப் பிள்ளை. பிளேட்டோவின் 'விருந்து' என்னும் நூலில் அவன் வளத்துக்கும் வறுமைக்கும் பிறந்த மகன். ஆதலின் என்றும் ஏங்குபவன். புதிய ஏற்பாட்டில் இச்சொல் ஓரிடத்தும் இல்லை. அன்பைக் குறிக்க அங்கே பெரிதும் ஆளப்படுவது 'அகாப்பே' என்னும் சொல்லாகும்.

அவ்வாறாயின், ஏக்கமாய்ப் பிறக்கும் காதல் இறையன்புக்குப் பகையா? இல்லறத்தாராகிய நாம் தவிர்க்க இயலாத கேள்வி இது. இக்கேள்வியோடு சீவக சிந்தாமணியைப் படித்துப் பார்க்கலாம். விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரைத் தலைமை மடமாகக் கொண்ட தமிழ்ச் சமணரின் பெருங்காப்பியம் அது, 1887இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பால் தமிழுலகு முழுவதும் பரவியது. இயற்றிய திருத்தக்கதேவரோ துறவி. எனினும் சீவகன் எண்மரை மணந்த கதையை அவர் கூசாமல் பாடினார். நூலும் 'மணநூல்' எனப் பெயர் பெற்றது.

இறுதியில் சீவகன் ஒரு சோலையில் குரங்குகளைக் காண்கிறான். ஊடிய துணைக்கு ஆண்குரங்கு பலாக்கனி கொடுக்கிறது. காவலன் அவற்றை விரட்டி அதனைப் பறித்துக்கொள்கிறான். செல்வமும் ஆட்சியும் இத்தகையனவே எனத் தெளிந்து சீவகன் துறவு பூணுகிறான்.

காவியப்போக்கில் இத்துறவு பொருத்தமானதே. ஆயினும் சீவகன் பறிபோன கனியையே கண்டான். அக்கனி கொடுக்கப்பட்டதைக் கருதவில்லை. இன்பம் நாடிய உயிர் தன் கையிலிருந்ததைத் துணைக்கு ஈந்த கணமும் அக்காட்சியில் உண்டு. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று கையொப்பமிட்ட 'கடவுள் அன்பாயிருக்கிறார்' என்னும் சுற்றுமடலில், ஏரோசும் அகாப்பேயும் முற்றிலும் பிரிக்க இயலாதவை என்றார். ஏக்கம் தூய்மையுற்று ஈகையாக வளர வேண்டும் என்பதே அவர் கருத்து.

துறவியார் தீட்டிய அச்சோலைக் காட்சி, அவர் கருதிய நிலையாமையோடு இல்லறத்தின் அறத்தையும் நமக்கு உணர்த்துகிறது. காமம் என்ற சொல்லைப் பழிக்குமுன், நம் இல்லங்களில் அது ஈகையாக வளர்ந்துள்ளதா என எண்ணிப் பார்ப்போமாக.