சிரமத்துக்கு வருந்துகிறோம்

எதையும் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்த காகிதம், வடை சுற்றி வந்த பேப்பர், எதுவும் விலக்கல்ல. போன வருஷம் கலிஃபோர்னியாவில் அக்கா மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கியபோது, கொண்டுபோன நாவல்கள் பத்தே நாளில் தீர்ந்துவிட்டன. மிச்ச நாட்களில் நான் படித்தது, அவள் சேர்ந்திருக்கும் கம்யூனிட்டி காலேஜின் ஐ.டி. டிபார்ட்மென்ட் மாணவர்களுக்கு அனுப்பும் அறிவிப்புகளை.

“மாமா, எல்லாத்துக்கும் விமரிசனம் எழுதுவீங்களே, இதுக்கு எழுதுங்க பாப்போம்” என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள்.

எழுதிவிட்டேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். போகப்போக அப்படி இல்லை.

கம்யூனிட்டி காலேஜ் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் ஆறே மாணவர்களுடன் துவங்கிய சமாசாரம். இரண்டு வருஷப் படிப்பு. முடித்துவிட்டு வேலைக்குப் போகலாம், அல்லது பெரிய யுனிவர்சிட்டியில் மூன்றாம் வருஷத்தில் நுழையலாம். கலிஃபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. அந்த மாநிலத்துவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். மார்க் எத்தனை என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. அதனால் வகுப்பில் சகலவிதமானவர்களும் இருப்பார்கள். பகலெல்லாம் கோடவுனில் பெட்டி தூக்குகிறவர், நர்ஸ் ஆக ஆசைப்படும் இரண்டு குழந்தைகளின் தாய், ரிடையரான பின் ஸ்பானிஷ் கற்கும் தாத்தா. அப்புறம் கணவர் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு போன நம்ம ஊர் எம்.எஸ்ஸி.க்கள். வேலைக்குப் போக அனுமதி இல்லை, படிக்கத் தடை இல்லை. அக்கா மகள் இந்தக் கடைசி ரகம். அக்கவுண்டிங் படிக்கிறாள்.

இனி விமரிசனம்.

இந்த இலக்கியத்தில் பிரதானமாக மூன்று வகை. முதலாவது, பராமரிப்பு அறிவிப்பு. ‘திட்டமிட்ட பராமரிப்பு காரணமாக சனி இரவு 11 முதல் ஞாயிறு காலை 7 வரை அங்கீகாரச் சேவைகள் கிடைக்காமல் போகலாம். சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்கிற ரீதியில் இருக்கும். இதில் மனிதர்கள் யாராவது தென்படுகிறார்களா பாருங்கள். யாரும் எதையும் செய்யவில்லை. சேவைகள் தாமாகக் கிடைக்காமல் போகின்றன, அதுவும் ‘போகலாம்’. அங்கீகாரச் சேவை என்றால் லாகின். லாகின் இல்லையென்றால் ஹோம்வொர்க் அனுப்ப முடியாது, பாடத்தைப் பார்க்க முடியாது. அதைச் சொல்வதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத்தான் காணோம். நம்ம ஊர் மின்வாரியத்தின் மின்தடை அறிவிப்பு எவ்வளவோ தேவலை. எந்தெந்தத் தெரு என்றாவது பட்டியல் போடுகிறார்கள். நம் தெரு பெயரைப் பார்த்ததும் மாவு அரைக்க ஓடுகிறோமா இல்லையா?

சனி இரவு ஏன் என்று கேட்டால் காரணம் நியாயமாகவே இருக்கும். கிராஃப் போட்டுப் பார்த்திருப்பார்கள், அப்போதுதான் உபயோகிப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால், அந்த மிகக் குறைவானவர்கள் யார்? வாரம் பூரா வேலைக்குப் போய்விட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, சனி இரவு மட்டும் புத்தகத்தைத் திறக்க முடிகிறவர்கள். எந்த மாதிரி ஆளுக்காக இந்தக் காலேஜ்களைக் கட்டினார்களோ, அந்த ஆள். கிராஃபில் அவர் ஒரு சின்னக் கோடு.

இரண்டாம் வகை, பாஸ்வேர்டு அறிவிப்பு. 90 நாளைக்கு ஒருமுறை மாற்று, பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, ஆச்சரியக்குறி மாதிரி ஏதாவது ஒன்று. உலகம் முழுவதும் இந்த அவஸ்தை பரவியதில் பெரிய பங்கு ஒரு சர்க்கார் ஆவணத்துக்கு உண்டு. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான ‘நிஸ்ட்’டில் இருந்த பில் பர் என்பவர் 2003-ல் எழுதியது. ரிடையரான பிறகு, 2017-ல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகையிடம், தான் செய்ததில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாகச் சொன்னார். மாற்று மாற்று என்றால் ஜனங்கள் கடைசி 1-ஐ 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான் நடக்கும். அதே வருஷம் நிஸ்ட்டும், காரணமில்லாமல் தவணை முறையில் மாற்றச் சொல்லாதீர்கள், நீளமான பாஸ்வேர்டே மேல் என்று விதியைத் திருத்திவிட்டது. எழுதியவரே வருந்திய பிறகும் அக்கா மகளுக்கு 90 நாளைக்கு ஒருமுறை அந்த மெயில் வருகிறது. அதில் வருத்தம் எதுவும் இல்லை.

மூன்றாம் வகை, எச்சரிக்கை. ‘காலேஜ் பெயரில் போலி மெயில் வரும். அவசரப்படுத்தும், பயமுறுத்தும், லிங்க்கை அழுத்தச் சொல்லும். அழுத்தாதீர்கள்.’ மூன்றில் இதுதான் தெளிவாக எழுதப்படுகிறது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஐ.டி.காரர்கள் வெட்டியாகப் பயமுறுத்தவில்லை. 2016 டிசம்பர் 30, எல்லாரும் லீவில் இருந்த நேரம், லாஸ் ஏஞ்சலீஸ் வேலி காலேஜின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து ஃபைல்களை யாரோ பூட்டிவிட்டார்கள். சாவிக்கு விலை 28,000 டாலர், பிட்காயினில். கொடுத்தார்கள், வேறு வழியில்லை. நம்ம அறிவிப்பு எழுத்தாளருக்கு அதெல்லாம் கனவில் வருமோ என்னவோ, மெயிலுக்கு மெயில் பதறுகிறார்.

அப்புறம் ஆவி மாணவர்கள். பெயர் நான் வைத்ததில்லை, அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். திருடின அடையாளத்தை வைத்து, புரோகிராம் எழுதி, கும்பல் கும்பலாக விண்ணப்பம் போடுகிறார்கள். ஆன்லைன் வகுப்பில் இடம் பிடித்து, முதல் இரண்டு ஹோம்வொர்க்கை ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கி அனுப்பி, சர்க்காரின் உதவித்தொகை கைக்கு வந்ததும் மறைந்துவிடுகிறார்கள். 2021-ல் கலிஃபோர்னியாவில் இப்படி 65,000-க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் அகப்பட்டன. 2024 துவக்கத்தில், வரும் விண்ணப்பங்களில் நாலில் ஒன்று போலி என்று அந்தக் காலேஜ்களின் தலைமை அலுவலகமே மதிப்பிட்டது. வாசலில் எதுவும் கேட்காத காலேஜ் அல்லவா, திருடனையும் கேட்கவில்லை. விளைவு, வகுப்பு ‘ஃபுல்’ என்று திரை காட்டும். உள்ளே பாதி ஆவி, வெளியே நிஜமானவர்கள் வெயிட்டிங் லிஸ்ட்டில்.

அக்கா மகள் லிஸ்ட்டில் 14-வதாக இருந்தாள். ஆவிகளை ஓட்டியதும் இடம் கிடைத்தது. வீட்டில் கேசரி.

நாலாம் நாள் போர்ட்டலைத் திறந்தால் வகுப்பில் அவள் பெயர் இல்லை.

என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆவிகளைப் பிடிக்க ஐ.டி. டிபார்ட்மென்ட் எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டிருக்கிறது. ‘48 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கை அழுத்தி அடையாளத்தை நிரூபிக்காவிட்டால் உங்கள் பதிவு ரத்து.’ அவசரப்படுத்துகிறது, பயமுறுத்துகிறது, லிங்க்கை அழுத்தச் சொல்கிறது. அவர்களே ஒரு வருஷமாகப் பாடம் நடத்தியிருந்தார்கள் அல்லவா? அக்கா மகள் நல்ல மாணவி. படித்ததும் அழித்துவிட்டாள்.

என் விமரிசனத்தின் சாரம் இதுதான். இந்த அறிவிப்புகளை எழுதுகிறவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுகிறார்கள். வாங்குகிறவர் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கிறார். நேற்று சொன்னது இன்றைக்குச் சொல்வதோடு மோதுகிறதா என்று பார்க்க அங்கே எடிட்டர் கிடையாது. நாவலில் அப்படி நேர்ந்தால் நானும் நீங்களும் சிரித்துவிட்டுப் போவோம். இங்கே ஒருத்திக்கு ஒரு செமஸ்டர் போகிறது. லிங்க்கே வைக்காமல், ‘வழக்கம்போல் நீங்களாக போர்ட்டலுக்குள் போங்கள், அங்கே ஒரு படிவம் இருக்கும்’ என்று எழுதியிருக்கலாம். பைசா செலவில்லை.

மறுநாள் நானும் அவளுடன் ஹெல்ப் டெஸ்க்குக்குப் போனேன். லைப்ரரியின் ஒரு மூலை. அதே காலேஜில் படித்துக்கொண்டே மணிக்கணக்குச் சம்பளத்தில் உட்கார்ந்திருக்கும் பையன், இருபது வயசு இருக்கும். டிக்கெட் நம்பர் கேட்கவில்லை. “எந்த வகுப்பு, எப்போ ஆரம்பிக்குது?” என்றுதான் முதலில் கேட்டான். அப்புறம் பாஸ்போர்ட்டைப் பார்த்தான், தட்டினான். “நீங்க நிஜம்னு சிஸ்டத்துக்குச் சொல்லிட்டேன். ஆனா அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க, இந்த டெர்ம் கிடைக்காது. அடுத்த டெர்ம் பதிவு திறக்குற அன்னிக்கு காலையிலயே வந்துடுங்க, நான் இருப்பேன்.” நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் ஒளிக்காமல், யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதோடு சேர்த்து, நாலு வாக்கியத்தில். அந்த டிபார்ட்மென்ட்டில் நல்ல உரைநடை எழுதத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனை அறிவிப்பு எழுத விடமாட்டார்கள்.

வீடு திரும்பும் வழியில் காரிலேயே மெயில் வந்தது. ‘உங்கள் பிரச்னை தீர்க்கப்பட்டு டிக்கெட் முடிக்கப்பட்டது. எங்கள் சேவையை மதிப்பிட இந்த லிங்க்கை அழுத்துங்கள்.’

அக்கா மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, இது நிஜமா, திருட்டா?”

எனக்கும் தெரியவில்லை. அந்தப் பையனுக்கு ஐந்து ஸ்டார் போட இரண்டு பேருக்குமே ஆசை. அழுத்தத்தான் தைரியம் வரவில்லை.