விலக்கிய காசுக்கும் ஒரு பக்கம்: நம் நாணய நூல்கள் பற்றி ஒரு மதிப்பீடு

'நாணயம்' என்ற ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் குறிக்கிறவர்கள் நாம். நாணயங்களைப் பற்றி நமக்கு நல்ல நூல்கள் பல உண்டு. ஆனால் போலிக் காசுகளை மட்டும் வரிசைப்படுத்தி, படம் போட்டு, எடை சொல்லிக் காட்டும் ஒரு தமிழ் நூலை யாராவது கேட்டால், எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இந்தக் குறை ஏன் வந்தது, அதனால் என்ன நஷ்டம், யார் அதைத் தீர்க்கலாம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

"கஞ்சிக்கோட்டில் ஆலை வேலைக்கு வந்தவங்களுக்கும் பழங்காசுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நாம் குடியிருக்கும் இந்தப் பாலக்காட்டுக் கணவாய்தான் கொங்கு நாட்டையும் சேரர் கடற்கரையையும் இணைத்த பெருவழி. கணவாய்க்குக் கிழக்கே கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. மேற்கே திருச்சூர் மாவட்டம் எய்யாலில் 1946இல் ரோமானியப் பொற்காசு, வெள்ளிக்காசு, நம் நாட்டு முத்திரைக் காசு மூன்றும் ஒரே புதையலில் கிடைத்தன. ரோமாபுரிக் காசு நடமாடிய பாதையில் அதைப் பார்த்துச் செய்த காசும் நடமாடத்தானே செய்யும்!

சேகரிப்பவரே நூலாசிரியர்

தென்னிந்திய நாணய ஆய்வு பெரும்பாலும் சேகரிப்பாளர்களின் கைவேலை. பல்கலைக்கழகமும் அருங்காட்சியகமும் செய்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. என்றாலும், சொந்தப் பணத்தில் காசு வாங்கி, சொந்த நேரத்தில் படித்து, தாமே அச்சேற்றிய தனி மனிதர்களின் நூல்களைத்தான் இன்றும் புரட்டுகிறோம். இங்கிலாந்தில் மைக்கேல் மிச்சினர் 1977 முதல் வெளியிட்ட பெருந்தொகுதிகளும், 1998இல் இரு பகுதிகளாக வந்த தென்னிந்திய நாணய வரலாறும் ஹாக்கின்ஸ் பப்ளிகேஷன்ஸ் என்ற அவருடைய சொந்த வெளியீட்டின் பெயரில் வந்தவை.

நம்மவரில் முதலில் சொல்ல வேண்டியவர் தினமலர் ஆசிரியராக நெடுங்காலம் இருந்த டாக்டர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள். தென்னிந்தியாவில் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள் பற்றிய அவரது நூல் 1994இலும், சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றிய ஆங்கில நூல் 1997இலும் சென்னை கார்னெட் வெளியீடாக வந்தன. பாண்டியன் பெருவழுதியின் பெயர் தமிழ் பிராமியில் பொறித்த காசை உலகுக்குக் காட்டியவர் அவர். சங்க நூல்களில் மட்டும் கேட்ட மன்னர் பெயர்களை, 'மாக்கோதை', 'கொல்லிப்பொறை' என்று காசிலேயே படிக்க முடிகிறது என்றால், அதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஐராவதம் மகாதேவன் அவர்கள் 2003இல் வெளியிட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு நூலிலும் இக்காசு எழுத்துகள் சான்றாக இடம்பெற்றன.

இத்தனை மதிப்பும் வைத்த பிறகுதான் ஒரு குறையைச் சொல்கிறேன். கரூர் அமராவதி ஆற்று மணலில் அரித்தெடுத்த காசு வியாபாரி கைக்குப் போய், அங்கிருந்து சேகரிப்பாளரிடம் வருகிறது. அகழாய்வுக் குழியில் கிடைத்ததென்றால் மண்ணடுக்கு சாட்சி சொல்லும். வாங்கிய காசுக்கு வாங்கியவரின் கண்தான் சாட்சி. அந்தக் கண் எத்தனை காசைத் தேர்ந்தது என்பது நூலில் இருக்கிறது. எத்தனையை 'இது வேண்டாம்' என்று தள்ளியது, ஏன் தள்ளியது என்பது இவ்வகை நூல்களில் வழக்கமாக இடம்பெறுவதில்லை. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 2021 மார்ச்சில் மறைந்தார். நாற்பதாண்டுக் காலம் காசுகளைத் தடவிப் பார்த்த ஒரு விரல் எத்தனை போலிகளைத் தள்ளியிருக்கும்! அந்த அறிவில் அச்சேறாத பகுதி அவரோடு போய்விட்டது. இழப்பு அவருக்கு அல்ல, நமக்கு.

மாக்கோதைக் காசை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக் காசு. ரோமானியப் பேரரசரைப் போலப் பக்கவாட்டில் திரும்பிய தலை, மேலே தமிழ் பிராமியில் பெயர். முதன்முதல் பார்ப்பவருக்கு, "ரோமக் காசைப் பார்த்து இப்ப யாராவது செஞ்சிருப்பாங்களோ" என்ற ஐயம் எழுவது இயற்கை. அந்த ஐயத்தை 'தமிழன் பெருமையைக் குறைக்கிறான்' என்று அடக்கக் கூடாது. வெவ்வேறு அச்சில் அடித்த பல பிரதிகள், தேய்மானம், எழுத்தின் வடிவம் ஆகியவற்றைக் காட்டித்தான் தீர்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு போலியையும் அச்சிட்டு, 'வேறுபாடு இதுதான்' என்று காட்டினால் உண்மைக் காசின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

போலி என்பது ஒரு வகையல்ல

போலி நூல் எழுதப் புகுபவர் முதலில் வகை பிரிக்க வேண்டும். ஏமாற்றுவதற்கென்று செய்யாதவையும் உண்டு. ரோமானியப் பொற்காசைப் பார்த்து நம் நாட்டுத் தட்டார்கள் செய்த பழைய பிரதிகள் பல, துளையோ வளையமோ வைத்து அணியப்பட்டவை. பிற்காலத்தில் வெனிஸ் நகரப் பொற்காசுக்கும் இதே கதை நடந்தது. மலையாளத்தில் அதற்கு 'ஆமாட' என்று பெயர். நம் அக்கம்பக்கத்து வீடுகளில் நகை வைக்கும் 'ஆமாடப்பெட்டி' அந்தக் காசின் பெயரைத்தான் சுமக்கிறது. மாலையில் கோத்த பிரதிகளைக் கள்ளக் காசு என்று சொல்வது நியாயமில்லை. அவை தம்மளவில் வரலாறு.

அடுத்தது, அக்காலத்திலேயே ஏமாற்றச் செய்தவை: உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பேரரசரின் முகத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. மறுபடி காசாகச் செல்லக் கூடாதென்று வெட்டினார்களா, உலோகத்தைச் சோதிக்க வெட்டினார்களா என்று அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள். எப்படியானாலும், நம் முன்னோர் அந்நியக் காசைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை.

மூன்றாவது, இன்றைய சேகரிப்பாளரை ஏமாற்றுபவை. நான்காவது, எக்காலத்திலும் இல்லாத காசுகள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் போட்டு, அனுமனும் இராமரும் பொறித்த செப்பு வில்லைகளைத் திருவிழாக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். கம்பெனி அப்படி ஒரு செப்புக் காசு வெளியிட்டதே இல்லை. சென்னைக் கம்பெனியின் பழைய வராகன்களில் தெய்வ உருவம் உண்டு என்ற அரை உண்மைதான் இப்பொய்க்கு முட்டுக்கொடுக்கிறது. இதிலிருந்து 'அரிசியை இழுக்கும் செம்பு' எனும் ரைஸ் புல்லிங் மோசடி வரைக்கும் அதிக தூரமில்லை. இரு மாநிலங்களிலும் இதில் லட்சக்கணக்கில் இழந்த குடும்பங்கள் உண்டு. பழைய காசை வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்க வேண்டி வந்தது.

இதற்கு நேர் எதிரான பிழையும் நம்மிடம் உண்டு. நல்ல பத்து ரூபாய்க் காசைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் "செல்லாதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்த பிறகும் தயக்கம் சட்டென்று போகவில்லை. போலியை அறியாதவன் நல்லதையும் சந்தேகிப்பான்.

உலகம் காட்டும் வழி

போலியைச் சேர்ப்பது புதுப் பைத்தியம் அல்ல. கள்ளக் காசின் மாதிரி ஒன்றுக்குப் பல நல்ல காசுகளைக் கொடுத்து வாங்கும் வழக்கம் ரோமில் இருந்ததை, முதல் நூற்றாண்டுப் பிளினி வியப்போடு பதிவு செய்கிறார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கார்ல் பெக்கர் என்பவர் பழங்காசுகளுக்கு அச்சு வெட்டி, அடித்த காசுகளை இரும்புத் தூளோடு பெட்டியில் இட்டு வண்டியில் கட்டி ஓட்டிப் பழமை ஏற்றினார். அவருடைய வேலைகளைத் தொகுத்து 1924-25இல் இரு பகுதிகளாக நூல் வெளியிட்டவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜார்ஜ் ஹில். புதுக்கோட்டைப் புதையலை ஆராய்ந்து எழுதியவரும் இதே ஹில்தான். உண்மைப் புதையலுக்கும் கள்ள அச்சுக்கும் ஒரே அக்கறையோடு பட்டியல் போட்டார் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

"அடையாளத்தை அச்சிட்டால் கள்ளன் திருத்திக்கொள்வானே?" என்பது வலுவான மறுப்பு. என் பதில் இது: கள்ளனுக்குத் தன் பிழை பெரும்பாலும் தெரியும், தெரியாதவன் வாங்குபவன்தான். பெக்கரின் அச்சுகள் அம்பலமானதால் சேகரிப்பாளர்களுக்கு நன்மையே விளைந்தது.

நம்மால் ஆவது

இத்தகைய நூலுக்கு வாசகர் சில நூறு பேர்தான். பெரிய பதிப்பகம் முன்வராது. சொந்த வெளியீடுதான் வழி. அதில் ஆபத்தும் உண்டு: திருத்தச் சொல்ல ஆசிரியர் குழு இல்லை, தம் காசைத் தாமே மெச்சிக்கொள்ளலாம். ஆகவே நூலுக்குள்ளேயே ஒரு நீதிபதி வேண்டும். ஒவ்வொரு காசுக்கும் எடை, விட்டம், விளிம்பின் படம், எங்கே எப்போது வாங்கியது, 'உறுதி', 'ஐயம்', 'போலி' என்ற தரம் ஆகியவை கட்டாயம். வேறொரு சேகரிப்பாளர் மறுத்தால் அந்த மறுப்பும் பக்கத்திலேயே வர வேண்டும். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் எண் இலவசம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா முதலிய நூலகங்களுக்குப் பிரதி அனுப்பிவிட்டால், நூறு பிரதி அச்சிட்ட நூலும் நூறாண்டு கழித்துக் கிடைக்கும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். புழக்கத்திலுள்ள ரூபாயின் கள்ளக் காசை ஆசைக்காகச் சேர்ப்பது வம்பு. அதைக் காவல்துறையிடம் ஒப்படைப்பதே சரி. நூறாண்டு கடந்த உண்மைக் காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது.

சோதனைக்குப் பெரிய கூடம் தேவையில்லை. காசைக் காற்றில் நிறுத்து, பிறகு நூலில் கட்டி நீருக்குள் நிறுத்து, முதல் எடையை இரண்டின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். 3.15 கிராம் காசு நீரில் 0.30 கிராம் குறைந்தால் 10.5 வரும்: அது வெள்ளிக்குரிய எண். 0.35 குறைந்தால் 9.0 வரும்: செம்பை ஒட்டிய எண். கலப்பு உலோகத்தில் எண் சற்று மாறும், எனவே மற்றச் சோதனைகளும் சேர வேண்டும். அடித்த காசுக்கும் வார்த்த காசுக்கும் உள்ள வித்தியாசம் விளிம்பில் தெரியும்: வார்ப்பின் இணைப்புக் கோடு, காற்றுக் குமிழியின் நுண்குழி, அரம் போட்ட தடம். இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறலும் ஒரே தேய்வும் இருந்தால் இரண்டும் ஒரு தாய்க்காசிலிருந்து வார்த்தவை என்றே ஐயப்பட வேண்டும்.

இதையெல்லாம் பேராசிரியர் வந்து நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் உலையருகே நிற்பவர்களும், வார்ப்பைக் கையில் வாங்கியதுமே "இது ஓட்டை விழுந்த பீஸ்" என்று சொல்லக்கூடியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நம் சங்கக் குடும்பங்களில் தாத்தா டப்பாவில் கிடக்கும் காசுகளை, நல்லது கெட்டது பாராமல், ஒரு விடுமுறை நாளில் கொண்டுவந்து நிறுத்துப் படமெடுத்தால் முதல் ஐம்பது பக்கத்துக்கு வேண்டியது கிடைத்துவிடும். அந்த ஐம்பது பக்கத்தில் போலி என்று விலக்கியவையும் எண்ணிட்டு நிற்கட்டும்.